தை மாதக் கல்யாணம், சீழ் வைத்த பரு: எந்தப் பீல் போடலாம்?

யாங்கோன் தாம்வேயிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 24. இரண்டு கன்னத்திலும் தாடையிலும் சிவந்து வீங்கிய பருக்கள், சிலது சீழ் வைத்தவை. ஒவ்வொன்றும் ஆறும்போது கறுப்பாக ஒரு கறையை விட்டுப் போகிறது. தை மாதக் கடைசியில் கல்யாணம், இப்போது ஆவணி. க்ளைகாலிக் பீல் (தோலை உரிக்கும் அமிலப் பூச்சு) ஆறு தடவை போட்டால் முகம் பளிச்சென்று ஆகிவிடும் என்று பார்லரில் சொல்கிறார்களாம். சாலிசிலிக்தான் நல்லது என்கிறாள் தோழி. டிசிஏ (ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம்) போட்டால் ஒரே தடவை போதும் என்றார்களாம் இன்னொரு இடத்தில். அம்மாவோ, "இதெல்லாம் எதுக்கு, தனக்கா அரைச்சுப் பூசு போதும்" என்று இந்த ஊர்ப் பெண்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைப் பூச்சைச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பது அவருடைய கேள்வி.

தங்கச்சி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். உங்கள் முகத்துக்குப் பீல் போடுவதென்றால் சாலிசிலிக், இல்லை மாண்டெலிக், இல்லை இரண்டும் கலந்தது. க்ளைகாலிக் அதற்கு அடுத்த இடம்தான். டிசிஏ இப்போது வேண்டவே வேண்டாம். ஆனால் எந்தப் பீல் போட்டாலும் அது துணை வைத்தியம்தான். பருவைக் கட்டுக்குள் கொண்டுவரப் போவது தினமும் ராத்திரி நீங்கள் வீட்டில் போடும் மருந்து. அது இல்லாமல் பீல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் பணம் போகும், பரு திரும்பி வரும்.

ஏன் அப்படி? பரு தோலின் மேலே தெரிந்தாலும் அதன் வேலை உள்ளே நடக்கிறது. முடித்துளையின் வாய் செத்த செல்களால் அடைபடுகிறது. உள்ளே சுரக்கும் எண்ணெய் வெளியே வர வழியில்லாமல் தேங்குகிறது. க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி அந்த எண்ணெயில் பெருகுகிறது, உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டைதான் நீங்கள் பார்க்கிற சிவப்பு, வீக்கம், சீழ், வலி. பீல் என்பது தோலின் மேலடுக்கைத் தளர்த்தி உரிக்கிற அமிலம். அடைப்பைத் திறப்பதில் அது கெட்டிக்காரன். அதனால் ப்ளாக்ஹெட், ஒயிட்ஹெட் உள்ள முகத்தில் பலன் சீக்கிரம் தெரியும். கீழே எரிந்துகொண்டிருக்கிற அழற்சிக்கு அதன் கை அவ்வளவு எட்டாது. புதிய அடைப்பு வராமல் தடுத்து, மெல்ல மெல்லத்தான் குறைக்கும். ஆழத்தில் கட்டி கட்டியாக இருக்கும் பருக்களுக்குப் பீல் அநேகமாக ஒன்றும் செய்யாது.

இன்னொரு விஷயம் நம் தோலின் நிறம். பர்மாவில் இருக்கும் தமிழர்களில் பெரும்பாலோருக்கு, வெளுப்பிலிருந்து கறுப்பு வரை தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் மருத்துவக் கணக்கில் நான்காம், ஐந்தாம் வகைத் தோல். வெயிலைத் தாங்கும் நல்ல தோல் அது. ஆனால் எங்கே அழற்சி வந்தாலும் அங்கே நிறமிச் செல்கள் மிரண்டு அளவுக்கு மீறி நிறமியைக் கொட்டும். பரு இரண்டு வாரத்தில் போய்விடும், கறை மாதக்கணக்கில் நிற்கும். எங்களிடம் வருகிற பெண்கள் பாதிப் பேர் பருவைவிடக் கறையைப் பற்றித்தான் அழுகிறார்கள். அந்த நிறமிச் செல்லுக்கு, அழற்சி பருவால் வந்ததா அமிலத்தால் வந்ததா என்ற பேதம் கிடையாது. பீல் கொஞ்சம் கூடுதலாக எரித்துவிட்டால் பருக்கறையைப் போக்கப் போய் அமிலக் கறையை வாங்கி வருவோம். எனவே எந்த அமிலம் பருவை வேகமாகக் குறைக்கும் என்பதை விட, எது நம்மைக் கறுக்க வைக்காமல் குறைக்கும் என்றுதான் கேட்க வேண்டும்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும். இந்த ஒரு குணத்தால்தான் பருவுக்கு அது முதலிடம் பெறுகிறது. தண்ணீரில் கரையும் அமிலங்கள் தோல் முழுக்கப் பரவும்போது, இது எண்ணெய் நிறைந்த துளைக்குள் இறங்கி அடைப்பையே கரைக்கிறது. ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன் என்பதால் அழற்சியைத் தணிக்கும் குணமும் இதற்கு உண்டு. பீலாகப் போடும்போது 20 முதல் 30 சதவீதம். போட்ட ஒரு நிமிடத்துக்குள் சுருக்கென்று எரிய ஆரம்பிக்கும், மூன்றாவது நிமிடம் வாக்கில் எரிச்சல் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகவே அடங்கி முகம் லேசாக மரத்த மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில் கண்ணாடியைப் பார்த்தால் முகம் முழுக்க வெள்ளையாக மாவு படிந்திருக்கும். பயப்பட வேண்டாம், தோல் வெந்துவிடவில்லை. ஆல்கஹால் ஆவியாகி, அமிலம் தூளாக மேலே நிற்கிறது. துடைத்தால் போய்விடும். தூளாகிவிட்ட பிறகு அது மேற்கொண்டு உள்ளே இறங்குவதில்லை, ஆகவே போடுகிறவர் அரை நிமிடம் தாமதித்தாலும் பெரிய ஆபத்து இல்லை. நம் தோலுக்கு இது பெரிய பாதுகாப்பு.

லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் தோல் மருத்துவர் பேர்ல் கிரைம்ஸ் 1999-இல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கறுத்த தோல் உள்ள 25 பேருக்கு, அதாவது ஐந்தாம் ஆறாம் வகைத் தோலுக்கு, 20, 30 சதவீத சாலிசிலிக் பீல் போட்டுப் பார்த்தார். பரு, பருக்கறை, மங்கு என்று பலவிதப் பிரச்சினை உள்ளவர்கள். 88 சதவீதம் பேருக்கு நடுத்தரம் முதல் நல்ல முன்னேற்றம். 16 சதவீதம் பேருக்கு மட்டும் லேசான பக்கவிளைவு. கறுத்த தோலுக்குப் பீலே ஆகாது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் நேராகப் பீல் போட்டுவிடவில்லை. இரண்டு வாரம் முன்பிருந்தே நிறமியை அடக்கும் க்ரீம் போட வைத்துத் தோலைப் பக்குவப்படுத்திய பிறகுதான் போட்டார். இந்தப் பாதியை நம் ஊர்ப் பார்லர்கள் விட்டுவிடுகின்றன.

சாலிசிலிக் யாருக்கு ஆகாது? ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு. முகத்தோடு முதுகு, மார்பு என்று நிறைய இடத்தில் ஒரே நாளில் பூசவும் கூடாது. ரத்தத்தில் கலந்து காதில் இரைச்சல், தலைசுற்றல் வரலாம்.

க்ளைகாலிக் வேறு ரகம். பழ அமிலங்களிலேயே மிகச் சின்ன மூலக்கூறு அது, அதனால் சடசடவென்று உள்ளே இறங்கும். பளபளப்புக் கொடுப்பதில், மேலோட்டமான கறையை மங்க வைப்பதில் அது நல்ல மருந்துதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் எங்கே என்றால், அது தானாக நிற்காது. சோடா உப்புக் கரைசல் தெளித்து நாம்தான் நிறுத்த வேண்டும். தெளித்ததும் நுரைத்துப் பொங்கும். எவ்வளவு நேரம் விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோல் சிவக்க ஆரம்பித்ததும் நிறுத்து என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். வெள்ளைத் தோலில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரியும். உங்கள் தோலிலும் என் தோலிலும் அது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. அனுபவம் இல்லாத கை, சிவப்பு வரட்டும் என்று காத்திருந்தே நேரத்தைக் கடத்திவிடும். அதோடு, சீழ்ப்பரு உடைந்திருக்கும் இடம், நகம் பட்டுக் கிள்ளிய இடம், இங்கெல்லாம் தோலின் காவல் ஏற்கனவே போயிருக்கும். அமிலம் அங்கே மற்ற இடத்தைவிட ஆழமாக இறங்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பரு இருந்த இடத்திலேயே பொருக்கு, அது உதிர்ந்தால் காப்பிக் கொட்டை நிறத்தில் வட்டம்.

பாட்டிலில் எழுதியிருக்கும் சதவீதத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். க்ளைகாலிக்கின் வீரியம் சதவீதத்தோடு அதன் பிஎச் அளவையும், அதாவது புளிப்பின் அளவையும் பொறுத்தது. புளிப்பு தணிக்கப்பட்ட 70 சதவீதம் சாதுவாக இருக்கலாம், தணிக்கப்படாத 30 சதவீதம் கடிக்கலாம். சதவீதம் மட்டும் எழுதி பிஎச் எழுதாத பாட்டிலை நான் முகத்துக்குப் போட மாட்டேன்.

அப்படியானால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள். 2008-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 20 பேருக்கு முகத்தின் ஒரு பக்கம் 30 சதவீத க்ளைகாலிக், மறுபக்கம் 30 சதவீத சாலிசிலிக், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை. இரண்டு பக்கமும் பரு குறைந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது சாலிசிலிக் போட்ட பக்கம்தான் பலனைப் பிடித்து வைத்திருந்தது, தொந்தரவும் அந்தப் பக்கம் குறைவு. ஆக, பார்லர்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. க்ளைகாலிக்கும் வேலை செய்யும். அதே பலன் குறைந்த ஆபத்தில் கிடைக்கும்போது அதை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

மாண்டெலிக் அமிலத்தை உங்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்கு அதன் மேல் தனி மதிப்பு உண்டு. கசப்பு பாதாமிலிருந்து முதலில் எடுத்தது. க்ளைகாலிக்கை விட மூலக்கூறு இரண்டு மடங்கு பெரிது, அதனால் நிதானமாக, சீராக இறங்கும். எரிச்சல் குறைவு, கிருமியை அடக்கும் குணமும் கொஞ்சம் உண்டு. 2020-இல் இந்தியாவில் செய்த ஆய்வு ஒன்றில் 45 சதவீத மாண்டெலிக்கையும் 30 சதவீத சாலிசிலிக்கையும் ஒப்பிட்டார்கள். மொத்தப் பலன் இரண்டுக்கும் சமம். ஆனால் ப்ளாக்ஹெட், ஒயிட்ஹெட் விஷயத்தில் சாலிசிலிக் முந்தியது. சிவந்த பரு, சீழ்ப்பரு விஷயத்தில் மாண்டெலிக் முந்தியது. பக்கவிளைவும் மாண்டெலிக்கில்தான் குறைவு. அதுவும் நம்மைப் போன்ற தோலில். உங்கள் பிரச்சினை சீழ்ப்பரு என்பதால் இந்த ஆய்வு உங்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.

இரண்டையும் கலந்த பீலும் உண்டு: 20 சதவீத சாலிசிலிக், 10 சதவீத மாண்டெலிக். 2009-இல் இதை 35 சதவீத க்ளைகாலிக்கோடு 44 பேரிடம் ஒப்பிட்டார்கள், அதுவும் இந்தியாவில்தான். பருவுக்கும் பருக்கறைக்கும் கலவையே மேல் என்று வந்தது. நான் முதலில் கைவைப்பது இந்தக் கலவையில்தான். அது கிடைக்காத இடத்தில் 20 சதவீத சாலிசிலிக்.

ஜெஸ்னர் கரைசல் என்று ஒன்று இருக்கிறது. சாலிசிலிக், லாக்டிக், ரெசார்சினால் மூன்றையும் ஆல்கஹாலில் கலந்தது. பழைய, நல்ல மருந்து. ஆனால் எத்தனை பூச்சு பூசுகிறோம் என்பதைப் பொறுத்து ஆழம் மாறும், உரிதலும் அதிகம், ரெசார்சினால் சிலருக்கு ஒவ்வாமை கொடுக்கும். கல்யாண வேலையில் இருக்கிற பெண்ணுக்கு இந்தத் தலைவலி வேண்டாம். பைருவிக் பீலும் பருவுக்கு உண்டு, அதன் நெடி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும், அதையும் விட்டுவிடுவோம்.

டிசிஏ பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சாலிசிலிக்கில் வரும் வெள்ளை துடைத்தால் போகும் தூள் என்றேன். டிசிஏவில் வரும் வெள்ளை அப்படியில்லை. தோலின் புரதமே உறைந்து வெளுப்பது அது, துடைத்தால் போகாது. கொஞ்சம் சதவீதம் கூடினாலும், ஒரு பூச்சு அதிகமானாலும் ஒரு படி கீழே போய்விடும். 35 சதவீதத்துக்கு வந்துவிட்டால் அது மேலோட்டப் பீலே இல்லை. 25 சதவீத டிசிஏவையும் 30 சதவீத சாலிசிலிக்கையும் கறுத்த தோலில் ஒப்பிட்ட ஆய்வும் 2015-இல் வந்திருக்கிறது. அழற்சிப் பருவில் சாலிசிலிக் பக்கமே தராசு சாய்ந்தது, ஆனாலும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. கூடுதல் பலன் இல்லாத இடத்தில் கூடுதல் ஆபத்தை யாராவது வாங்குவார்களா? ஆறிய பிறகு நிற்கும் குழித் தழும்புக்கு, ஊசிமுனை அளவு குழியில் மட்டும் டிசிஏவைத் தொட்டு வைக்கும் முறை ஒன்று உண்டு. அது தழும்பு வைத்தியம். பரு எரிந்துகொண்டிருக்கும் முகத்தில் அதற்கு வேலை இல்லை. "ஒரே தடவை போதும்" என்று சொன்ன இடத்துக்கு நீங்கள் திரும்பப் போக வேண்டாம்.

இத்தனை ஆய்வைச் சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக நடந்துகொண்டதாகாது. இவை எல்லாமே சின்னச் சின்ன ஆய்வுகள். பருவுக்குப் பீல் பற்றிய தரமான ஆய்வுகளைத் தேடித் தொகுத்தவர்களுக்கு 2018-இல் கிடைத்தது 12 ஆய்வு, எல்லாம் சேர்த்து 387 பேர். வழக்கமான பீல்கள் லேசான, நடுத்தரப் பருவுக்கு ஏறத்தாழ ஒரே அளவு உதவுகின்றன என்றுதான் அவர்களால் சொல்ல முடிந்தது. சான்றின் தரம் குறைவு என்றும் எழுதினார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம் 2024-இல் வெளியிட்ட பரு வழிகாட்டியில், பீலைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்றே இருக்கிறது. அதே வழிகாட்டி உறுதியாகச் சொல்வது கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு, துளை அடைபடாமல் காக்கும் அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு பூச்சு, தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை. எதற்கு ஆதாரம் பலமோ அதை முதுகெலும்பாக வைத்துக்கொள்ள வேண்டும், பீலை அதன் மேல் சேர்க்க வேண்டும்.

ஆகவே நீங்கள் முதலில் போக வேண்டியது பீல் போடும் இடத்துக்கு அல்ல, தோல் மருத்துவரிடம். உங்கள் முகத்தில் இருப்பது பருதானா என்று அவர் பார்க்க வேண்டும். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு வரும் சின்னக் கொப்புளங்கள் நம் மழைக்காலப் புழுக்கத்தில் பூஞ்சையால் வருவதாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. இன்னொன்று, சந்தையில் டப்பாவில் அடைத்து விற்கும் பெயரில்லாத வெள்ளையாக்கும் க்ரீம். போட்ட ஒரு வாரத்தில் முகம் வெளுத்துப் பளபளக்கிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று நான் சந்தேகப்படுவேன். நிறுத்தினால் முகம் முழுக்கப் பரு வெடிக்கும், தோல் மெலிந்து போயிருக்கும். அந்த முகத்தில் பீல் போடுவது கொடுமை. நீங்களோ, அக்கா தங்கைகளோ அப்படி எதையாவது போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் டப்பாவையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, தாடையில் முடி வளர்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். ஹார்மோன் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும்.

கல்யாணப் பெண் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். கட்டிப் பரு அதிகமாக இருந்தால் சிலர் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதுவார்கள். நல்ல மருந்து, ஆனால் அது உடம்பில் இருக்கும்போது கரு உருவாகக் கூடாது. குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். தையில் கல்யாணம் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். அடாபலீனையும் டாக்ஸிசைக்ளினையும் கர்ப்பத்தில் நிறுத்திவிடுவார்கள். அசெலாயிக் க்ரீமைத் தொடரலாம், அது பருவுக்கும் கறைக்கும் சேர்த்து வேலை செய்யும் என்பதால் நம் பெண்களுக்கு மிகவும் பொருந்தும் மருந்து.

காலக்கணக்கு இப்படி வரும். ஆவணியில் மருந்து ஆரம்பித்தால் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் சில வாரம் முகம் வறண்டு, செதில் எழுந்து, பரு கூடின மாதிரிகூடத் தெரியும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். ஐப்பசியில் மழை விடும், சீழ் அடங்கியிருக்கும். அப்போது முதல் பீல். கார்த்திகை, மார்கழியில் குளிர்ச்சியும் இருக்கும், வியர்வையும் குறையும். யாங்கோனில் பீலுக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது. பங்குனி வெயிலிலோ, தீமிதிக்கும் தண்ணீர்த் திருவிழாவுக்கும் பகல் முழுக்கத் தெருவில் நிற்கும் நாட்களை ஒட்டியோ போடவே கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு தடவை போதும். கடைசிப் பீலுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் நாலு வாரமாவது இடைவெளி வேண்டும். ஏதாவது கறுத்தால் கவனித்துக்கொள்ள அந்த அவகாசம்.

பீலுக்குப் போகும் இடத்தில் நீங்கள் கேட்க வேண்டியவை: என்ன அமிலம், எத்தனை சதவீதம், போடுவது யார், ஏதாவது ஆனால் பார்ப்பது யார். இதற்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் தடவை காதுக்குப் பின்னால் ஓர் இடத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடாபலீனை ஐந்து நாள் முன்பே நிறுத்துங்கள். த்ரெடிங், வாக்ஸ், ப்ளீச் எல்லாம் ஒரு வாரம் முன்னும் பின்னும் கூடாது. உதட்டோரம் அக்கிக் கொப்புளம் அடிக்கடி வருமென்றால் அதைச் சொல்லுங்கள், முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். போடுவதற்கு முன் மூக்கோரம், உதட்டோரம், கண்ணோரம் வாசலின் தடவுகிறார்களா, உடைந்த பருவின் மேலும் ஒரு பொட்டு வாசலின் வைக்கிறார்களா என்று கவனியுங்கள். வைத்தால் கை பழகிய கை. கரண்ட் போகும் நேரம் தெரிந்தால் அதைத் தவிர்த்து நேரம் வாங்குங்கள். மின்விசிறியும் குளிர்ந்த தண்ணீரும் பக்கத்தில் இல்லாமல் பீல் போடக் கூடாது.

அப்புறம் அம்மா சொன்ன தனக்கா. அம்மா சொல்வதை முழுக்கத் தள்ள மாட்டேன். குளிர்ச்சியானது, எண்ணெய்ப் பசையை உறிஞ்சும், தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்ப் பெண்கள் பூசிவருவது. ஆனால் சீழ்ப்பருவுக்கு அது மருந்தாகாது, சன்ஸ்கிரீனுக்குப் பதிலும் ஆகாது. பூச்சு காய்ந்து வெடித்து உதிர்ந்த இடத்தில் வெயில் நேராகப் படுகிறது. பீல் போட்ட ஒரு வாரம் தனக்கா வேண்டாம். கல்லில் அரைத்த துகள் புதுத் தோலை உரசும், ஈரம் காயாத கல்லில் கிருமியும் இருக்கும். அதன் பிறகு ஆசையென்றால் சன்ஸ்கிரீன் பூசிக் காய்ந்ததும் அதன் மேல் தனக்கா போடுங்கள். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 50, ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். தோல் நிறத்தில், இரும்பு ஆக்சைடு கலந்ததாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் கறையைக் கறுக்க வைக்கும், வெறும் வெள்ளை சன்ஸ்கிரீன் அதை முழுதாகத் தடுப்பதில்லை. டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறீர்கள் என்றால் இது கட்டாயம், அந்த மாத்திரை வெயிலில் தோலைச் சுட்டுவிடும்.

பீல் போட்ட அன்று சோப்பு வேண்டாம், மாய்ஸ்சரைசர் மட்டும். மூன்றாம் நாள் வாக்கில் வாயோரம் செதில் எழும். பிய்க்காதீர்கள், அப்படிப் பிய்த்த இடம்தான் கறுக்கும். எரிச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றாலோ, பொருக்கு கட்டினாலோ அன்றே காட்டுங்கள். உடனே மருந்து போட்டால் கறை விழாமல் பெரும்பாலும் தப்பிக்கலாம், ஒரு வாரம் விட்டால் கஷ்டம்.

நலங்கு வைக்கும்போது பெரியவர்கள் கன்னத்தில் மஞ்சளும் சந்தனமும் பூசுவார்கள். கடைசிப் பீல் நாலு வாரம் முன்னால் முடிந்திருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது, சந்தோஷமாகப் பூசிக்கொள்ளுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று மட்டும் அத்தைமாரிடம் சொல்லிவையுங்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெரிதாக ஒரு பரு வந்து நின்றால் பதறிப்போய்ப் பீல் போட ஓடாதீர்கள், கிள்ளவும் செய்யாதீர்கள். தோல் மருத்துவர் மிகக் குறைந்த அளவு ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை அந்தப் பருவுக்குள் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும். அளவு கூடினால் அந்த இடம் குழி விழும், அதனால் பழகிய கைதான் வைக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு நாலு நாளாவது இருக்கும்போதே போய்விடுங்கள்.